கங்காவுக்குள் பேசிய குரல்

கதைமாந்தர் ஒருவரைத் தனித்துவம் உடையவர் என்று திறனாய்வாளர்கள் சொல்லும்போது, ஊர் தன்னைப் பற்றி வழங்கும் தீர்ப்புக்கும் தன்னைப் பற்றித் தான் அறிந்த உண்மைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அவர் எவ்வாறு தாங்கி நிற்கிறார் என்பதையே முதன்மையாகக் கருதுகிறார்கள். அந்த வேறுபாட்டை உள்ளிருந்து உணர்த்துவது மனசாட்சி. அதை உணர்ந்த பின்னும் ஊரோடு வாழவேண்டியிருப்பதால் எழும் அலைக்கழிப்பே அறப்போராட்டம் எனப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புனைகதையில் இப்போராட்டத்தை மிகக் கடுமையாகச் சோதித்துப் பார்த்தவை எவை என்று தேடினால், புதுமைப்பித்தனின் அகலிகையும் ஜெயகாந்தனின் கங்காவும் முன்னால் வந்து நிற்கிறார்கள். ஒருத்தி இதிகாச காலத்தவள், மற்றவள் சென்னை நகரப் பேருந்துக்குக் காத்து நிற்பவள். ஆனால் இருவர் மீதும் சாட்டப்படும் குற்றம் ஒன்றே, அக்குற்றத்துக்கு அவர்களைவிட மற்றவர்களே அதிகம் விளக்கம் சொல்கிறார்கள் என்பதும் பொதுவானதே.

அகலிகையின் கதை இலக்கியத்தில் என்றுமே ஒரே வடிவில் இருந்ததில்லை. வால்மீகியின் அகலிகை, கௌதமர் வடிவில் வந்தவன் இந்திரன் என்று அறிந்தே இசைகிறாள். அவளுக்கு விதிக்கப்படும் சாபமும் கல்லாவது அன்று, பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் காற்றையே உணவாகக் கொண்டு சாம்பலில் கிடப்பது. கம்பனில் அவள் கல்லாகிறாள். வந்தவன் கணவன் அல்லன் என்பதை அவள் இடையில் உணர்ந்தும் விலகவில்லை என்று கூறும் அதே கம்பன், இராமனின் கால் துகள் பட்டு அவள் எழுந்த பின், நெஞ்சினால் பிழை செய்யாதவள் என்று சொல்லி அவளைக் கௌதமரிடம் சேர்ப்பிக்கும் இடத்தையும் வைத்திருக்கிறான். இவ்விரு இடங்களையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, உடலின் செயலுக்கும் நெஞ்சின் நிலைக்கும் இடையே கோடு கிழிக்க முடியுமா, முடியுமானால் அதைக் கிழிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி எழாமல் இராது. காவியம் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு மிதிலைக்குப் போய்விடுகிறது.

புதுமைப்பித்தன் அந்த இடத்தில்தான் தம் கதையைத் தொடங்குகிறார். ‘சாப விமோசனம்’ 1943இல் வெளிவந்தது. இராமாயணம் அறிந்தவர்களுக்கு இக்கதை பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றித் தமக்குக் கவலை இல்லை என்ற பொருள்பட ஒரு முன்குறிப்பையும் அவர் அதற்கு எழுதினார். சாபம் நீங்கிய மறுநாள் அகலிகைக்கு என்ன ஆயிற்று என்பதே அவரது அக்கறை. கௌதமர் அவளை ஏற்றுக்கொள்கிறார். புற்று மூடிய தவத்திலிருந்து எழுந்த அந்த முனிவர், தாம் அதுவரை நம்பிவந்த தருமத்தை முழுவதுமாக மறுபரிசீலனை செய்து, தன்னை அறியாமல் நேர்ந்த செயல் பாவம் ஆகாது என்ற முடிவுக்கும் வருகிறார். இவ்வளவு பெருந்தன்மை உடைய கணவன் பழைய புராணங்களில் அரிது. ஆனால் அந்தப் பெருந்தன்மை அகலிகைக்குப் போதவில்லை என்பதுதான் கதையின் நுட்பம். யார் எதைச் சாதாரணமாகச் சொன்னாலும் அதற்குள் ஒரு குத்தல் ஒளிந்திருக்குமோ என்று அவள் துருவிப் பார்க்கிறாள்; கணவரின் இயல்பான பேச்சைக்கூட அவள் நேராகக் கேட்க முடியாமல் போகிறது. மன்னிப்பு வெளியிலிருந்து வந்துவிட்டது, அதை உள்ளே வாங்கிக்கொள்வதற்கான இடமோ அவளிடம் சிதைந்துபோய்க் கிடக்கிறது.

அவளுக்கு மிஞ்சிய ஒரே பற்றுக்கோடு இராமன். தன்னைக் குற்றமற்றவள் என்று கண்டுகொண்ட ஒரு மனிதன் உலகில் இருக்கிறான் என்ற நினைவே அவளை நடமாட வைத்திருக்கிறது. பதினான்கு ஆண்டுகள் கழித்துக் காட்டிலிருந்து திரும்பிய சீதை, தான் தீக்குளித்துக் கற்பை நிரூபிக்க நேர்ந்ததைச் சொல்லும்போது அந்தப் பற்றுக்கோடும் முறிகிறது. உலகத்தின் முன் நிரூபிக்கவேண்டாமா என்பது சீதையின் நிலை. உள்ளத்தைத் தொடாத நிரூபணத்தால் என்ன பயன் என்பது அகலிகையின் நிலை. தனக்கு ஒரு நீதியும் சீதைக்கு ஒரு நீதியும் வழங்கியவனின் தீர்ப்பில் அவள் இனி எப்படித் தங்கி நிற்க முடியும்? கணவர் அவளை அணைக்கும்போது இந்திரனே கௌதமர் வேடத்தில் மீண்டும் வந்துவிட்டதாகத் தோன்ற, அவள் மறுபடியும் கல்லாகிறாள். கௌதமர் துறவியாகிக் கயிலையை நோக்கி நடக்கிறார். முதல்முறை அவள் கல்லானது பிறர் இட்ட சாபத்தால், இரண்டாம் முறை தன் நெஞ்சாலேயே. அவளைத் தனித்துவம் உடைய பாத்திரமாக ஆக்குவது இந்த இரண்டாவது கல்தான் என்று சொல்லலாம், அது எவ்வளவு கொடிய தனித்துவமாக இருந்தபோதிலும்.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வெளியானபோது, அதன் தலைப்பே சீதையின் தீக்குளிப்பை நினைவூட்டி, வாசகரை ஒரு விசாரணைக்கு ஆயத்தப்படுத்தியது. கதையில் நடப்பது மிகச் சிறிது. அடைமழை பெய்யும் மாலையில் மகளிர் கல்லூரி எதிரே பேருந்துக்காகத் தனியே நிற்கும் ஏழைப் பெண் ஒருத்தியை, செல்வந்த இளைஞன் ஒருவன் தன் காரில் ஏற்றிக்கொள்கிறான்; வெளியுலகம் அதிகம் அறியாத அந்தப் பெண், மறுக்கத் தெரியாத திகைப்பிலேயே சூறையாடப்படுகிறாள்; நனைந்த உடையோடு வீடு திரும்பித் தாயிடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறாள். கதையின் உயிர்நிலை அதற்குப் பிறகு வரும் சில நிமிடங்களில் இருக்கிறது. கைம்பெண்ணான அந்தத் தாய் முதலில் செய்வது, அந்தச் சூழலில் வளர்ந்த எவரும் செய்யக்கூடியதே: அலறுகிறாள், மகளைப் போட்டு அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் என்னவென்று விசாரிக்கும் அந்தக் கணத்தில் அவள் தன்னைச் சுதாரித்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு வந்ததற்காகத்தான் அடித்ததாகப் பொய் சொல்கிறாள்.

அந்தப் பொய்தான் கதையின் அறச்செயல். வாய்மை என்பது தீங்கு பயக்காத சொல் என்ற குறளின் வரையறையை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிராகத் தோன்றவேண்டியதில்லை. அடிக்கும் கைக்கும் அண்டை வீட்டாரின் கேள்விக்கும் நடுவிலுள்ள அந்தச் சிறு இடைவெளியில், ஊரின் குரல் தன் வாய் வழியாகப் பேசிக்கொண்டிருப்பதைத் தாய் கண்டுகொள்கிறாள். கண்டுகொண்டதும் அதை நிறுத்துகிறாள். பிறகு மகளைக் குளியலறைக்கு அழைத்துச் சென்று தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, அதை நெருப்பாகவே எண்ணிக்கொள்ளச் சொல்லி, அவள் தூய்மையாகிவிட்டதாக அறிவிக்கிறாள். தெருவில் அசிங்கத்தை மிதித்துவிட்டால் காலைக் கழுவுகிறோமே அன்றி வெட்டி எறிவதில்லை என்கிறாள். மனத்தால் கெடாதவள் என்பதாலேயே அகலிகை மீது இராமனின் பாதத்துகள் பட்டது என்று கம்பன் வழியில் ஒரு விளக்கமும் தருகிறாள். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத ஒரு பெண், தன் மகளைக் காக்கும் வாதத்தை, தன்னை அடக்கிவைத்த அதே புராணத்திலிருந்து எடுக்கிறாள்.

இதற்குச் சற்று முன்னும் பின்னும் நிகழும் இரண்டு சிறு செய்திகள் கவனத்துக்குரியவை. அந்த இளைஞன் காரில் அவளுக்குச் சூயிங்கம் தந்திருந்தான். குளியல் முடிந்த பிறகும் அவள் வாய் எதையோ மென்றுகொண்டிருப்பதைத் தாய் பார்த்துவிட்டு, அதைத் துப்பச் சொல்லி வாயைக் கொப்பளிக்க வைக்கிறாள். அவ்வளவு பெரிய துயரத்தின் நடுவிலும் அந்தப் பெண்ணுக்குள் இருக்கும் குழந்தைத்தனத்தை இதைவிடக் கூர்மையாகக் காட்ட முடியாது. எது அழுக்கு, எது அழுக்கில்லை என்ற பாகுபாடு அவள் வாய்க்கே இன்னும் எட்டவில்லை. இரண்டாவது செய்தி சற்றுச் சங்கடமானது. மகள் கெடவில்லை என்று உறுதியாக நம்பும் தாய்க்கும், அதை நம்பவைக்கத் தண்ணீரும் சடங்கும் தேவைப்படுகின்றன. தீட்டு இல்லை என்று சொல்வதற்குத் தீட்டுக் கழிக்கும் முறையையே அவள் கையாள்கிறாள். இது கதையின் குறை என்று கருதுவோரும் இருக்கலாம். ஆனால் மனசாட்சி வெற்றிடத்தில் பிறப்பதில்லை, கையில் கிடைக்கும் பழைய சொற்களை வைத்துத்தான் அது புதியதைச் சொல்லப் பழகுகிறது என்பதற்கு அதுவே சான்றாகவும் இருக்கிறது.

அதே 1966இல்தான் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலும் வெளிவந்தது என்பதை இங்கே போகிறபோக்கில் குறிப்பிடவேண்டும். அதில் வரும் அலங்காரத்தம்மாளைக் குற்றம் சாட்ட எவரும் இல்லை. கணவர் தண்டபாணி எல்லாம் அறிந்தும் பேசாதிருக்கிறார். அவளே தன் பிழைக்குப் பரிகாரமாக மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்பிவிட்டு, அவனது தூய்மையில் தன் மீட்பை எதிர்பார்க்கிறாள்; அந்த எதிர்பார்ப்பும் பொய்க்கும்போது காசிக்குப் புறப்படுகிறாள். ஊரே இல்லாத இடத்திலும் வழக்கு நடக்கும் என்பதை ஜானகிராமன் காட்டினார். ஊர் மட்டுமே இருக்கும் இடத்தை ஜெயகாந்தன் எடுத்துக்கொண்டார்.

‘அக்கினிப் பிரவேசம்’ பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. ஒரு தாய் இப்படிச் செய்வாளா, செய்யலாமா என்ற சர்ச்சைக்கு ஜெயகாந்தன் தந்த மறுமொழி கட்டுரையாக அல்லாமல் ஒரு நாவலாகவே வந்தது. தாய் அப்படிச் செய்யாமல், பெரும்பாலோர் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே 1970இல் நூலாகி, 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. இங்கே பெண்ணுக்குக் கங்கா என்று பெயர். மழையும் காரும் அதே. ஆனால் தாய் கனகத்தின் அலறல் அடங்கவில்லை, செய்தி வெளியே பரவுகிறது, அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமா வெங்கட்ராம ஐயர் அவளுக்கு அடைக்கலம் தந்து படிக்கவைக்கிறார். நாவல் நிகழும் காலத்தில் கங்கா நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள், சொந்தச் சம்பாத்தியத்தில் தாயை வைத்துக் காப்பாற்றுகிறாள். புறத்தோற்றத்தில் அவளைவிடச் சுதந்திரமான பெண்கள் அந்தக் காலத்துச் சென்னையில் அதிகம் இருந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் அவளுக்குள் பேசும் குரல் அவளுடையதாக இல்லை. சட்டமும் சாஸ்திரமும் கற்ற மாமா, படிப்பைக் கொடுத்த அதே கையால் அவளைத் தொடவும் முயல்கிறவர். கெட்டுப்போனவள் ஒருவனுக்கு மனைவியாக முடியாது, வேண்டுமானால் ஒருவனுக்கு வைப்பாட்டியாக இருக்கலாம், திறமை இருந்தால் அன்று கெடுத்தவனையே தேடிப் பிடித்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் அவர் பேசுகிறார். கங்கா உண்மையிலேயே தேடிப் புறப்படுகிறாள், பிரபு என்ற அந்த மனிதனைக் கண்டும் பிடிக்கிறாள். திருமணமாகி மகளும் உள்ள அவனோடு, உடலுறவு ஏதும் இல்லாத நட்பு ஒன்றை வளர்த்துக்கொண்டு, ஊர் கேட்கும்போது அவனுடைய வைப்பாட்டி என்று தன்னைத் தானே கூசாமல் அறிவித்துக்கொள்கிறாள். இந்த அறிவிப்பைப் பலர் புரட்சி என்று பாராட்டியிருக்கிறார்கள். அதில் துணிச்சல் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மாமாவின் கையை விலக்கிவைக்கும் கேடயமாக அது பயன்படவும் செய்கிறது. ஆயினும் கூர்ந்து பார்த்தால், அவள் எறியும் சொல் மாமா கொடுத்த சொல். அவள் நடக்கும் பாதை மாமா சவாலாகக் காட்டிய பாதை. நீதிமன்றத்தை எதிர்த்து நிற்கும் குற்றவாளி, அந்த நீதிமன்றத்தின் சட்டப்புத்தகத்தை மட்டும் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது அவளது கலகம். கங்காவின் துயரத்தை அவளுக்கு நேர்ந்த கொடுமையில் தேடுவதைவிட இங்கே தேடுவதே பொருத்தம்.

பிரபுவின் மாற்றம் இந்த நாவலின் மற்றொரு முனை. இந்திரனுக்குப் புராணங்கள் உடலெங்கும் குறிகளைத் தண்டனையாகக் கொடுத்தன. ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில் வரும் இளைஞனோ பெயர்கூட இல்லாமல், எந்தக் கேள்வியும் கேட்கப்படாமல், காரில் போய்விடுகிறான். அவன் மீது புகார் கொடுக்கலாம் என்ற எண்ணம்கூட அந்தக் கதையில் எவருக்கும் தோன்றுவதில்லை என்பது இன்றைய வாசகரை உறுத்தவேண்டிய செய்திதான். நாவல் அவனைத் திரும்ப அழைத்துவந்து, தன் ஒரு மாலைநேரக் களியாட்டம் ஓர் உயிரை என்ன செய்தது என்பதைக் கண்ணெதிரே பார்க்கவைக்கிறது. அவனுக்கு மனசாட்சி விழிக்கிறது. விழித்த மனசாட்சி அவனை என்ன செய்யச் சொல்கிறது என்றால், கங்காவின் வாழ்வைத் தான் இனியும் கெடுக்கக்கூடாது, அவள் வேறொருவரை மணந்து நன்றாக வாழவேண்டும் என்று சொல்லி அவளைவிட்டு விலகச் சொல்கிறது. கெட்டவனாக இருந்தபோது அவள் வாழ்வை அழித்தவன், நல்லவனானபோது அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே தோழமையையும் எடுத்துக்கொண்டு போகிறான். ஒருவரின் ஒழுக்க உயர்வு இன்னொருவருக்கு இழப்பாகவே முடியலாம் என்ற கசப்பான உண்மையை இவ்வளவு பிசகின்றிச் சொன்ன தமிழ் நாவல்கள் சிலவே. இதில் கவனிக்கவேண்டியது, அவன் விலகும்போதும் கங்காவுக்கு எது நல்லது என்பதை அவனே முடிவு செய்கிறான் என்பது.

நாவலுக்குள் ‘அக்கினிப் பிரவேசம்’ மீண்டும் வருகிறது. ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய கதையாக அதைப் பத்திரிகையில் படிக்கும் கங்கா, தன் வாழ்வே வேறொரு முடிவோடு அச்சாகியிருப்பதைக் கண்டு அதிர்ந்து, அதைத் தாயிடம் கொடுக்கிறாள். படித்துவிட்டுக் கனகம் அழுகிறாள். அந்தக் கதையில் வரும் தாய்க்கு இருந்த புத்தி தனக்கு இல்லாமல் போயிற்றே என்று கதறுகிறாள். கதைக்குள் கதை வைக்கும் உத்தி உலக இலக்கியத்துக்குப் புதிதல்ல, ஆனால் ஓர் ஆசிரியர் தம் சிறுகதையைத் தம் நாவலின் பாத்திரத்துக்கே படிக்கக் கொடுத்து, அவள் அடைந்திருக்கக்கூடிய வாழ்வை அவளுக்கே காட்டுவது ஈரமற்ற செயலாகவும் படுகிறது, நேர்மையான செயலாகவும் படுகிறது. கனகத்தின் அழுகையில் ஒன்று தெளிவாகிறது. இரண்டு தாய்களும் ஒரே வார்ப்பில் உருவானவர்கள். முதல் அலறல் வரை இருவருக்கும் வேறுபாடே இல்லை. நல்ல தாய் என்றும் கெட்ட தாய் என்றும் பிறக்கும்போதே பிரித்து வைக்கப்பட்ட பாத்திரங்களாக ஜெயகாந்தன் அவர்களைப் படைக்கவில்லை. நாவலின் தலைப்பும் அதையே குறிக்கிறது எனலாம்.

1977இல் இந்நாவல் ஏ. பீம்சிங் இயக்கத்தில், ஜெயகாந்தனின் திரைக்கதை வசனத்தோடு திரைப்படமானது. ‘பாசமலர்’, ‘பாவ மன்னிப்பு’ போன்ற குடும்பக் கண்ணீர்ப் படங்களால் புகழ்பெற்ற பீம்சிங், இப்படிப்பட்ட கதையைத் தேர்ந்தது வியப்புக்குரியது. அக்காலத் தமிழ்த் திரையில் மனசாட்சிக்கு நிலையான ஒரு வடிவம் இருந்தது: நாயகன் கண்ணாடி முன் நிற்பான், உள்ளேயிருந்து அவனே இன்னோர் உருவாக வெளிப்பட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவனைக் கேலியாகச் சிரித்துக் கேள்வி கேட்பான். நன்மை ஒருபக்கம், தீமை மறுபக்கம், நடுவில் ஒரு கண்ணாடி. கங்காவின் போராட்டத்துக்கு அந்தக் கண்ணாடி உதவாது, ஏனெனில் எதிரெதிராக வாதாடும் குரல்களில் எது தன்னுடையது என்பதே அவளுக்குத் தெளிவாக இல்லை. நாவலில் பெரும்பகுதியும் கங்காவின் வாய்மொழியாகவே ஓடும் எண்ணங்களைத் திரையில் சுமக்கும் பொறுப்பு இலட்சுமியின் முகத்தின் மீது விழுந்தது. உரத்த நடிப்பே நடிப்பு என்று கருதப்பட்ட சூழலில், சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிடும் ஒரு பெண்ணை அவர் நடித்துக் காட்டினார். 1976ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகைக்குரிய தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. நகைச்சுவை நடிகர் என்றே அறியப்பட்ட நாகேஷை எழுத்தாளர் ஆர்.கே.வி.யாக நடிக்கவைத்ததும், ஸ்ரீகாந்தைப் பிரபுவாக்கியதும், பாத்திரத்தைப் பார்த்தவுடனேயே தீர்ப்பு வழங்கிவிடும் ரசிகப் பழக்கத்தைச் சற்றுத் தள்ளிவைக்க உதவின.

நாவலின் முடிவில் பிரபு விலகிய பின் கங்கா மதுவைத் தொடுகிறாள். இந்த முடிவைக் குறித்து இருவகை மனக்குறைகள் எழுவது இயல்பு. ஊரை எதிர்த்தவள் சீரழிந்துதான் போவாள் என்ற பழைய தண்டனையை ஆசிரியரே நிறைவேற்றிவிட்டார் என்பது ஒன்று. பிரபுவிடமிருந்த குடிப்பழக்கத்தைத் தான் ஏற்றுக்கொள்வதன் மூலம் அவள் கடைசிவரை ஓர் ஆணின் நிழலிலேயே நிற்கிறாள் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் அவளுக்கு ஒரு நல்ல மாப்பிள்ளையைக் கொடுத்து நாவலை முடித்திருந்தால், மாமா வகுத்த வழக்கில் அவள் வெற்றி பெற்றதாக ஆகியிருக்குமே ஒழிய, அந்த வழக்கே பொய் என்று ஆகியிருக்காது. புதுமைப்பித்தனின் அகலிகைக்குக் கல்லாவதற்கு ஒரு புராணமாவது இருந்தது. நகரத்து உத்தியோகக்காரியான கங்காவுக்கு அந்த வசதியும் இல்லை, மறுநாள் காலையில் அவள் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். ஜெயகாந்தனுக்கும் அந்த முடிவு முடிவாகத் தோன்றவில்லை போலும். ஒரே மழைநாளிலிருந்து ஒரு சிறுகதையும் ஒரு நாவலும் எழுதிய பிறகு, ‘கங்கை எங்கே போகிறாள்’ என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து மூன்றாம் முறையும் அவர் அவளிடம் திரும்பி வந்தார்.